அறுபத்து நாலாவது சாமான்

காலை நாலு பத்து.

ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச் சாலை. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. விளக்குக் கம்பங்கள் ஒன்று விட்டு ஒன்றுதான் எரிந்தன. சாமான்களைச் சுமந்துகொண்டு ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் டுப்... டுப்... என்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பெண். நாற்பத்தேழு வயது. பன்னிரண்டு நாள் பயணம், போகிற வழியில் கூடாரம் போட்டுத் தங்கல்... எல்லாம் தனியாக.

அந்தத் ‘தனியாக’வைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் வீட்டில் அத்தனை சண்டையும் நடந்தது.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்க்கிற எக்ஸ்ரே டெக்னீஷியனின் சொந்தச் சித்திக்கு நடந்தது. அந்தச் சிநேகிதி பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்லத் தெரிந்திருந்தால் இந்நேரம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெரிய பதவிக்குப் போயிருப்பாள். வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள். பயத்துக்கு இல்லை. எனக்குக் குரல் உயர்த்திப் பேச இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

சித்தி அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘கவுன்ட் அக்கா’ என்றால்தான் தெரியும். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

ஏன் அந்தப் பெயர் என்றால்... ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்னால் கத்தரி, ஊசி, காஸ் என்கிற ரத்தம் ஒற்றும் துணி எல்லாவற்றையும் எண்ணி வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். முடிந்ததும் தையல் போடுவதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும். ஒருத்தர் எண்ணினால் செல்லாது. இரண்டு பேர், ஒன்றாக, வாய்விட்டு. எண்ணிக்கை கூடினால் அது முந்தைய கேஸிலிருந்து வந்தது, யாரோ விட்டுப் போனது. குறைந்தால் உள்ளே இருக்கிறது. உள்ளே என்றால் நோயாளியின் வயிற்றுக்குள். தேடியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எது ஆனாலும் பொருளைத்தான் தேட வேண்டும். பலகையில் இருக்கிற எண்ணைத் திருத்தக் கூடாது. இதுதான் அக்காவின் வேதம்.

ஒரு தடவை பெரிய சர்ஜன் ஒருவர் தையல் ஊசியோடு தயாராக நிற்கிறார். வெளியே இன்னும் நாலு கேஸ் காத்திருக்கிறது. அக்கா, “சார், ஒரு காஸ் குறையுது” என்றாள்.

“போர்டுல தப்பா எழுதியிருப்பீங்க சிஸ்டர். திருத்திக்குங்க.”

“போர்டு தப்பு பண்ணாது சார். நாமதான் பண்ணுவோம்.”

நாற்பது நிமிஷம் அவரைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்தாள். கடைசியில் காஸ் கிடைத்தது. அவருடைய செருப்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் அக்காவைக் கண்டால் முதலில் தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் முறிந்துபோய், அண்ணன் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு வந்தவள். கீழே அண்ணன், அண்ணி. மேலே இவள். ஆஸ்பத்திரியில் எந்நேரமும் இருபது பேர், வீட்டில் எந்நேரமும் அண்ணனின் ஆலோசனை. தனியாக ஒரு பன்னிரண்டு நாள் இருக்க வேண்டும். எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று யாரும் சொல்லாத பன்னிரண்டு நாள். அதற்காக நாற்பத்தைந்து வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினாள். லீவு மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் இல்லை என்றார்கள். நாலாவது தடவை கொடுத்துவிட்டு, இந்தத் தேதியை விட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய டியூட்டி சார்ட் ஒன்றின் பின்பக்கம் வழியை வரைந்தாள். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. வெயில் சாய்வதற்குள் கூடாரம் போட்டுவிட வேண்டும். மொட்டை மாடியில் அதைப் போட்டுப் போட்டுப் பழகினாள். கடைசித் தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் போட்டாள். அண்ணன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்.

“அங்கயே பன்னெண்டு நாள் படுத்துக்கோ. அதுவும் வெளியூர் மாதிரித்தான். காத்து நல்லா வரும்.”

“காத்து வரும்ணா. கூடவே நீயும் வருவியே.”

“சரி, இப்படிப் பண்ணலாம். நீ வண்டில போ. நான் ஒரு காரைப் பேசிப் பின்னாடியே வர்றேன். உன் கண்ணுலயே பட மாட்டேன்.”

“பின்னாடி ஒரு ஆள் வந்தா அதுக்குப் பேரு தனியா போறதா?”

“தனியா போய் என்னத்தக் கிழிக்கப் போற? நடு வழியில ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா?”

“யாரும் இருக்கக் கூடாதுன்னுதானே போறேன்.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். கிளம்புகிற அன்று வாசலுக்கே வர மாட்டேன், முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சபதம் வேறு. அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வருத்தத்தைக் காட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு இழுத்து உட்கார வைத்துவிடுவார் என்பதும் தெரியும்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது சாமான் கட்டத் தொடங்கினாள்.

அதற்கும் ஒரு முறை. கூடத்தில் பச்சைத் துணி ஒன்றை விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினாள். கூடாரம், அதன் கம்பிகள், முளைகள், தூங்கும் பை, சின்ன காஸ் அடுப்பு, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, கரண்டி ஒன்று, பஞ்சர் போடும் சாமான்கள், காற்றடிக்கும் பம்ப், ஸ்பேர் கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், மருந்துப் பெட்டி. ஒரு ஜோடி சாக்ஸ் என்றால் அக்கா கணக்கில் இரண்டு. சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி அத்தனையும் எழுதினாள். மொத்தம் அறுபத்து மூன்று. தூங்கும் பை தவிர மற்ற எல்லாவற்றையும் வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கும் ரெக்சின் பைகளில் அடக்க வேண்டும். அந்தப் பைகள் வண்டியோடு வந்தவை. பழைய சொந்தக்காரருடையவை.

பைகளில் ஒரு வாசனை. நமுத்துப்போன தீக்குச்சியை உரசினால் பற்றாமல் ஒரு வாசனை வருமே... அது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் போட்டாள். போகவில்லை. அவள் பட்டியலில் தீப்பெட்டியே கிடையாது. அடுப்பு பட்டனை அமுக்கினால் பற்றிக்கொள்ளும் வகை.

முதல் நாள் சாயங்காலம், டியூட்டி முடிந்து வந்து எண்ணினாள். அறுபத்து நாலு.

அக்கா சிரித்தாள். அண்ணி வேலையாக இருக்கும் என்று நினைத்துக் கீழே குரல் கொடுத்தாள்.

“அண்ணி, என் சாமான்ல எதையாவது சொருகி வெச்சீங்களா?”

“இல்லம்மா. ஒரு விசில் வைக்கணும்னு நெனச்சேன். உங்க அண்ணனுக்குப் பயந்து வைக்கல.”

சரி என்று பட்டியலை எடுத்து, பெயர் பெயராகப் படித்து ஒவ்வொன்றாக டிக் போட்டாள். அறுபத்து மூன்று பெயர், அறுபத்து மூன்று டிக். துணியில் மிச்சம் எதுவும் இல்லை. மறுபடி விரலை வைத்து எண்ணினாள். அறுபத்து நாலு.

இரண்டாம் நாளும் அதே. பெயரால் பார்த்தால் அறுபத்து மூன்று. எண்ணினால் அறுபத்து நாலு. துணியை உதறினாள், பைகளைக் கவிழ்த்துத் தட்டினாள், சாக்ஸைக்கூட உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்தாள். பயம் என்று சொல்ல முடியாது. கோபம்தான். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு கேஸில்கூடத் தப்பாத எண்ணிக்கை, சொந்த வீட்டில், நாலு முளையும் ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டு தப்புகிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

மூன்றாம் நாள்தான் விஷயமே.

அன்று சாயங்காலம் மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு... ரெண்டு... மூணு... தியேட்டரில் எண்ணுகிற அதே சுருதி, அதே வேகம். இருபது தாண்டியது. நாற்பது தாண்டியது. அன்று எண்ணிக்கை வழுக்கிக்கொண்டு போனது. மனசுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. என்னவோ இரண்டு நாளாக இல்லாத ஒன்று இன்று சரியாக அமைந்துவிட்ட மாதிரி... அறுபத்தி ஒண்ணு... அறுபத்தி ரெண்டு... அறுபத்தி மூணு.

அக்கா நிறுத்தினாள். துணியில் தொடாத சாமான் எதுவும் இல்லை.

“அறுபத்தி நாலு.”

இது அவள் சொன்னதில்லை.

அப்போதுதான் புரிந்தது. அன்று ஒண்ணு என்றதிலிருந்தே இரண்டு குரல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அவளோடு சேர்ந்து, ஒரு இம்மி பிந்தாமல். தியேட்டரில் எப்போதும் இரண்டு குரல்தானே. கேட்டுக் கேட்டுப் பழகிய காது, அதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் தனியாக எண்ணினபோதுதான் அவளுக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்திருக்கிறது.

ஆண் குரல். தொண்டை கட்டிய குரல். வலது தோளுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில்... அதே நமுத்த தீக்குச்சி வாசனை.

அக்கா திரும்பவில்லை. எழுந்து, கதவைத் திறந்து, படியிறங்கிக் கீழே போய், அண்ணியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சோபாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் பேப்பரை மடித்தார். சபதத்தின்படி அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

“மாடில யாரு?”

“யாரும் இல்லயே.”

“ஆம்பளக் குரல் கேட்டுச்சு. நான் கேட்டேன், இவளும் கேட்டா.”

அண்ணி தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று அர்த்தம்.

அப்படியானால் அது அக்கா காதுக்கு மட்டும் கேட்டதில்லை. அடுத்த நிமிஷமே அவளுக்கு எரிச்சல் வந்தது. பேய் என்றால்கூடப் பரவாயில்லை, அண்ணன் வேறு எதையோ நினைக்கிறார். “செல்லுல பேசிட்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள். அன்று இரவு கூடத்து விளக்கை அணைக்காமலே படுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக்கிடம் போனாள். வண்டியை வாங்கிக் கொடுத்ததும், பிரித்து மாட்டியதும் அவர்தான். கையில் கிரீஸோடு எழுந்து வந்தார்.

“சொல்லக் கூடாதுன்னு இல்லக்கா. நீங்க கேக்கல, நானும் சொல்லல. வண்டிய முன்னாடி வெச்சிருந்த ஆளும் உங்கள மாதிரிதானாம். கூடாரம், அடுப்புன்னு தனியா கெளம்பிப் போறவராம். ஒரு தடவை போனாரு... வண்டி மட்டும் ஒரு காட்டு ரோட்டு ஓரத்துல ஸ்டாண்டு போட்டு நின்னுச்சாம். பை ரெண்டும் அப்படியே இருந்துச்சாம். சாமான் ஒண்ணுகூடக் குறையல.”

“அவரு?”

“தேடினாங்களாம்.” மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “பைக்குள்ள ஈர ரெயின்கோட்டு ஒண்ணு இருந்துச்சுன்னு வண்டிய வித்த புரோக்கர் தூக்கிப் போட்டுட்டாராம். புரோக்கர் பேச்சு, பாதிக்குப் பாதி கழிச்சுக்குங்க. பையை வேணா இங்க விட்டுட்டுப் போங்கக்கா. வேற பை வரவழைச்சுத் தர்றேன். ஒரு வாரம் ஆகும்.”

ஒரு வாரம். லீவு தொடங்குவது நாளை மறுநாள். அக்காவுக்குக் கண் முன்னால் அண்ணன் முகம் வந்தது. ‘நான்தான் சொன்னேன்ல’ என்று தொடங்கி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிற முகம். உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளை சொல்லியே நிற்காதவள், செத்தவன் சொல்லியா நிற்கப் போகிறாள்?

“வேணாம். இதே பைதான்.”

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை எண்ணினாள். இந்தத் தடவை வேண்டுமென்றே சத்தமாக எண்ணினாள். கூடவே அந்தக் குரலும் எண்ணியது. அறுபத்தி மூணில் அவள் நிறுத்தினாள். அது அறுபத்தி நாலு என்று சொல்லி முடித்தது. எண்ணிக்கை சரியாகாமல் பையை மூட அவள் கை வரவில்லை. அது அவளுடைய வியாதி. ஐந்து நாளாகத் தேடியாகிவிட்டது. மணி ஆகிறது. விடியற்காலை கிளம்ப வேண்டும்.

அப்போதுதான் அக்கா அந்தத் தப்பைச் செய்தாள்.

மார்க்கரை எடுத்தாள். சுவரில் இருந்த அட்டைக்கு முன்னால் போய் நின்றாள். மொத்தம் 63 என்று எழுதியிருந்ததை அடித்து, 64 என்று எழுதினாள். கடைசியில் புது வரி ஒன்று போட்டாள். 64 என்று நம்பர் போட்டு, பக்கத்தில் பெயர் எழுதாமல் விட்டாள்.

“ஆச்சு. எழுதியாச்சு. திருப்தியா?”

நாற்பது நிமிஷம் சர்ஜனையே நிற்க வைத்தவள். யாருக்காகவும் திருத்தாத கை. வீம்புக்குத் திருத்திவிட்டது.

உடனே வீடு அமைதியாகிவிட்டது. வாசனையும் போய்விட்டது. பைகள் இரண்டும் வாகாக மூடிக்கொண்டன. வார்கள் ஒரே இழுப்பில் பூட்டிக்கொண்டன. அக்கா படுத்ததும் தூங்கிவிட்டாள். அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்குப் பல வருஷமாக வந்ததில்லையாம்.

நாலு மணிக்குக் கிளம்பினாள். பின்சீட்டின் மேல் தூங்கும் பையைக் கட்டினால் அகலமாகிவிடும் என்று அதை முன்னால் டேங்கின் மேல் கட்டியிருந்தாள். பின்சீட் காலி. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டையும் மடக்கிவிட்டிருந்தாள், பையில் இடிக்கக் கூடாது என்று. சொன்னபடி அண்ணன் வாசலுக்கு வரவில்லை. கீழ் ஜன்னல் திரை மட்டும் கொஞ்சம் விலகியது. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கேட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுத்தாள்.

இப்போது அந்தப் புறவழிச் சாலைக்கு வந்துவிட்டோம். மணி நாலு பத்து.

செல்போன் ஒளிர்ந்தது. அண்ணன் குரலில் ஒரு செய்தி. அக்கா எரியாத கம்பம் ஒன்றின் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, காதில் வைத்துக் கேட்டாள்.

“துணைக்கு ஆளு இருக்குன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன முழுங்கிடவா போறேன்? யாரு என்னன்னு நான் கேக்கல. ஆனா மழையே இல்லாதப்ப ரெயின்கோட்டப் போட்டுக்கிட்டு, தலையில ஹெல்மெட்கூட இல்லாம உக்காந்திருக்கான். போற வழியில அவனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு.” தொண்டையைச் செருமும் சத்தம். “ரெண்டு பேரும் பத்திரமா போங்க.”

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மெதுவாகக் கண்ணை மட்டும் கீழே இறக்கினாள். மடக்கிவைத்த கம்பிகள்... இரண்டும் கீழே இறங்கி இருந்தன.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. திரும்பவும் இல்லை. வீடு பத்து நிமிஷத் தூரம்தான். இப்போது வண்டியைத் திருப்பினால் அண்ணன் ஒரு வார்த்தை கேட்க மாட்டார், கதவைத் திறந்துவிடுவார். அதோடு தனியாக எங்கேயும் போகிற பேச்சு இந்த ஜென்மத்தில் முடிந்தது. அக்கா ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கினாள்.

“இங்க பாரு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். உன்ன எழுதினது நான், அதனால எறக்கிவிட மாட்டேன். ஆனா நீ என் லிஸ்ட்டுல ஒரு சாமான், அவ்வளவுதான். சாமான் வழி சொல்லாது. நான் நிக்கிற எடத்துல நிக்கும், நான் கெளம்புற நேரத்துல கெளம்பும். இஷ்டம் இல்லன்னா இப்பவே எறங்கிக்கோ. பத்து எண்ணுறேன்.”

எண்ணினாள். கூடவே அதுவும் எண்ணியது.

பத்து வந்தபோது பின்பக்க ஸ்பிரிங் க்ரீச் என்று ஒரு சத்தம் போட்டது. ஆனால் சீட் மேலே எழும்பவில்லை. யாரும் இறங்கவில்லை. அக்கா கியரைப் போட்டாள்.

பன்னிரண்டு நாளும் போனாள். ஒரு கிலோமீட்டரைக்கூடக் குறைக்கவில்லை. நீர்த்தேக்கக் கரையில், பைன் மரங்களுக்கு அடியில், ஆளில்லாத கடற்கரையில் என்று நினைத்த இடத்தில் கூடாரம் போட்டாள். பசித்தபோது சாப்பிட்டாள், ஒரு நாள் காலை பதினொரு மணி வரை தூங்கினாள். தினமும் வெளிச்சம் போவதற்குள் பச்சைத் துணியை விரித்து எண்ணுவாள். பின்னால் நின்று அதுவும் எண்ணும். நாலாவது நாளில் அவளுக்கே பழகிவிட்டது. ஒரு நாள் அது நாற்பத்தி ஏழுக்கு அப்புறம் தடுமாறியபோது, “தூங்காம எண்ணு” என்று அதட்டியிருக்கிறாள்.

பதினோராம் நாள்தான் அது முதல் தடவையாகப் பட்டியலை மீறியது.

ஒரு பிரிவு. வலது பக்கம் தார் ரோடு. இடது பக்கம் செம்மண் பாதை, மரங்களுக்குள் வளைந்து போனது. மத்தியான வெயில். வண்டியின் ஹாண்டில்பார் தானாக இடது பக்கம் திரும்பியது. அக்கா வலது பக்கம் இழுத்தாள். இடுப்பைச் சுற்றி இரண்டு கை இறுகியது... ஈர ரப்பர் மாதிரி, சில்லென்று. முதுகோடு ஒரு முகம் அழுந்தியது.

“என் மேப்ல அந்த ரோடு இல்ல.”

கை இன்னும் இறுகியது. மூச்சு விட முடியவில்லை.

“நீ எங்க போய் முடிஞ்சியோ அங்க நான் முடிய மாட்டேன். விடு.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை முறுக்கித் தார் ரோட்டில் ஏற்றினாள். பத்து கெஜம்... இருபது கெஜம்... பின்சீட் சட்டென்று எழும்பியது. வண்டி பாரம் இறங்கினாற்போல் துள்ளியது. இடுப்பில் இருந்த கையும் இல்லை. அக்கா ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். வாய் திறந்து, நெஞ்சு நிறைய. நாக்கில் கந்தகம் மாதிரி ஒரு கசப்பு ஓடியது. காட்டுப் புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எண்ணினபோது அவள் குரல் மட்டும்தான் கேட்டது. அறுபத்தி மூணு. அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா அன்றைக்குக் கூடாரத்துக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, நட்சத்திரம் வரும் வரை தனியாக டீ குடித்தாள். ஜெயித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன்தான் கேட்டைத் திறந்தார். முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பின்சீட்டைப் பார்த்தார்.

“அவன் எங்க?”

“எறங்கிட்டான்.”

அண்ணன் கேட்டைச் சாத்தினார். சாமான் தூக்க உதவி செய்தார். மாடியில் அக்கா பச்சைத் துணியை விரித்தாள். இரண்டாவது குரலுக்கு இந்தத் தடவை அண்ணியை உட்கார வைத்தாள். இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணினார்கள்.

“அறுபத்தி மூணு,” என்றாள் அண்ணி. “எல்லாம் பத்திரமா வந்துடுச்சு.”

அக்கா சுவரில் ஒட்டியிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையாலேயே எழுதிய 64. போனபோது அறுபத்து நாலு, வந்தபோது அறுபத்து மூன்று. ஒன்று குறைகிறது. குறைந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் டியூட்டிக்குப் போனதும் அக்கா நேராக எக்ஸ்ரே ரூமுக்குத்தான் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“ஒரு படம் எடுடி. நெஞ்சும் வயிறும்.”

“என்ன சித்தி, விழுந்தீங்களா?”

“கேள்வி கேக்காம எடு.”

எடுத்தாள். படம் சுத்தமாக இருந்தது. எலும்பு, நுரையீரல், இதயம், எல்லாம் அதனதன் இடத்தில். அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நாலு தடவை பார்த்தாள். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

“ஒண்ணும் இல்லல்ல? உள்ள இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வண்டிய ஓட்டுறது நான்தான். அடுத்த லீவுக்கு இப்பவே எழுதிக் குடுக்கப் போறேன்.”

குடுத்தும்விட்டாள். போன வாரம்தான் கிடைத்ததாம். இந்தத் தடவை இருபது நாள்.

படம் எடுத்தபோது நடந்ததை என் சிநேகிதி அவளிடம் இதுவரை சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் சொன்னாள். எக்ஸ்ரே எடுக்கும்போது சொல்வார்கள் இல்லையா... மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... விடுங்க. தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளும் அப்படித்தான் சொன்னாள். அக்கா இழுத்தாள். பிடித்தாள். மெஷின் ‘ட்ர்ர்ர்’ என்று ஓடி நின்றது.

“விடுங்க சித்தி.”

அக்கா மூச்சை விட்டாள். நீளமாக, கடைசி வரைக்கும். அறை முழுக்க நமுத்த தீக்குச்சி வாசனை அடித்தது.

அப்புறம் இன்னொரு தடவை மூச்சு விட்ட சத்தம் கேட்டது. நடுவில் இழுத்த சத்தம் கேட்கவே இல்லை.